புளியந்தோப்பில் ஒரு புத்திசாலி எண்ணெய்

பேசின் பிரிட்ஜ் தாண்டிப் புளியந்தோப்புக்குள் நுழைந்தால் புளியமரத்தைத் தேடாதீர்கள். என் கண்ணில் பட்டதெல்லாம் பஞ்சர் கடை, பிரியாணி அண்டா, லேத் பட்டறை. ஒரு காலத்தில் பின்னி மில் சங்குக்கு எழுந்த பேட்டை இது. 1996-ல் மில்லை மூடினார்கள். அப்புறம் அங்கே சினிமா ஹீரோக்கள் வந்து சண்டை போட்டார்கள்!

மெஷின் இருக்கிற ஊரில் கை மாட்டத்தான் செய்யும். பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி. கை அறுவை சிகிச்சைக்குத் தனிப் பிரிவே உண்டு, டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தது. ஆனால் தைப்பது பாதி வேலைதான். மீதி பிஸியோதெரபி. மாசக்கணக்கில் மடக்கு, நீட்டு!

நான் எட்டிப் பார்த்த பட்டறையில் ஒரு பெரியவர் காந்தத்தால் இரும்புத் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தார். தூள் முள்ளு முள்ளாய் நின்றது.

"இந்தத் தூள்ல பிரேக் செய்யலாம், தெரியுமாண்ணே?"

"இன்னா சார், காலைலயேவா?"

நிஜம்தான். 1948-ல் அமெரிக்காவில் ஜேக்கப் ரேபினோ என்பவர் எண்ணெயில் நைஸ் இரும்புத் தூளைக் கலந்து காந்தம் காட்டினார். கெட்டிப்பட்டது. காந்தத்தை எடுத்தால் மறுபடி ஓடியது. எல்லாம் சில மில்லி செகண்டில்! பெயர் எம்.ஆர். திரவம் (ராதா இல்லை). லேத் தூள் உதவாது; தலைமுடிப் பருமனில் பத்தில் ஒரு பங்கு பொடி வேண்டும்.

டப்பாவுக்குள் ஒரு தட்டு, சுற்றிலும் இந்தத் திரவம், ஒரு கம்பிச் சுருள். தட்டின் அச்சில் கைப்பிடி. கரண்ட்டைக் குறைத்தால் நெய்யில் கரண்டி சுற்றுகிற மாதிரி, கூட்டினால் அல்வா. கை தேறத் தேற அல்வாவை இறுக்கிக்கொண்டே போகலாம்.

"மோட்டார் வெச்சா ஆவாதா?"

"மோட்டாருக்குக் கிறுக்குப் பிடிச்சா ஆறாத கையை இழுத்துடும். பிரேக் தானா இழுக்காது. கை நின்னா அதுவும் நின்னுடும்."

பெரியவர் இடது கையைக் காட்டினார். இரண்டு விரல் பாதிதான்.

"மெஷின் இஸ்த்துத்தான் சார் இது போச்சு. நிக்கிற மெஷின்னா நம்பலாம்."

குறையும் உண்டு. அசையவே முடியாத கைக்கு மோட்டார்தான் கதி. தூள் அடியில் படியும், சீல் கசியும். டிசைன் செய்கிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது அங்கேதான்.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிஸியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்தார். அவர் பையில் அடங்குகிற சைஸில், கட்டுப்படியாகிற விலையில் இந்த டப்பாவும் வந்தால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிற கைகள் எவ்வளவு மிச்சமாகும்!