புளி போட்டுத் துலக்கிய பக்கிள்

புளி போட்டுத் துலக்கினால் பளிச்சென்று ஆகாத பித்தளை உண்டோ, சொல்லுங்கள்! குத்துவிளக்கும் குடமும் துலக்கியே பழகிய கை என்னுடையது. பரணிலிருந்து இறங்கிய டிரங்குப் பெட்டியில் கன்னங்கரேலென்று ஒரு பட்டாளத்து பெல்ட் பக்கிள் கிடந்தால் அந்தக் கை சும்மா இருக்குமா? புளியும் சாம்பலும் வைத்து அரை மணி நேரம் தேய்த்தேன். முகம் பார்க்கலாம் போல ஆகிவிட்டது. பெருமையோடு புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு, பழைய நாணயமும் பதக்கமும் சேர்க்கும் ஒரு பெரியவரிடம் காட்டப் புறப்பட்டேன்.

அவர் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"என்னம்மா இது, புளி போட்டீங்களா? பழைய சாமானுக்கு அந்தக் கறுப்புதான் ஜாதகம். ஜாதகத்தையே கழுவிட்டு வந்திருக்கீங்களே!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. காரணம் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் வீடு காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது. அந்தப் பக்கிள் என் மாமியாருடைய தகப்பனாரின் சொத்து. தறியை விட்டுவிட்டு நாலு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர் அவர். ஆனால் பட்டாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாராம். குழந்தைகள் நச்சரித்தால் இந்தப் பக்கிளை எடுத்துக் காட்டி, "இது புள்ளலூர் வயல்லே ஏர் ஓட்டறப்போ கிடைச்சது. திப்பு சுல்தான் சண்டையிலே ஒரு வெள்ளைக்காரன் இடுப்பிலேயிருந்து விழுந்தது" என்று அந்தக் கதையை ஆரம்பித்துவிடுவாராம்.

கதை நிஜமான கதைதான். புள்ளலூர் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமம். 1780-ஆம் வருஷம் செப்டம்பர் 10-ந் தேதி கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் அங்கே வளைத்துக்கொண்டார்கள். மைசூர்க்காரர்களின் ராக்கெட்டுகள் சீறிப் பாய்ந்தன. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. காஞ்சிபுரத்திலே பெரிய சேனையோடு இருந்த மன்றோ வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிடிபட்ட பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782-ல் இறந்துபோனார். அந்த ஊர் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தச் சண்டையைச் சித்திரமாகத் தீட்டியிருக்கிறார்கள். புள்ளலூரில் வெள்ளைக்கார அதிகாரிகளின் ஞாபகக் கற்கள் இன்றும் நிற்கின்றன.

அப்படிப்பட்ட சண்டையின் சின்னம் நம் வீட்டில் இருக்கிறதென்றால் செய்தி பரவாதா? பழைய சாமான் வாங்கும் ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். "புள்ளலூர் நிலத்திலே எடுத்ததுன்னு அம்மா கையெழுத்துப் போட்டு ஒரு காகிதம் கொடுத்தால் போதும், நல்ல விலை தருகிறேன்" என்றார். என் பெண்ணுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்ட வேண்டிய சமயம். 87 வயது அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எங்கப்பா என் பேத்தியைப் படிக்க வைக்கிறார் பாரு!" என்று மூக்குக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்துவிட்டார். "ஒரு நாள் பொறுங்கள் அத்தை" என்று சொல்லிவிட்டுத்தான் நான் பெரியவரிடம் வந்திருந்தேன்.

பெரியவர் பக்கிளை வாங்கினவுடன் முதல் காரியமாகத் திருப்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்களும் அப்படித்தானே! பட்டுப்புடவை வாங்க வருகிறவர்கள் முகப்பைப் பார்த்து மயங்குவார்கள். நெசவாளர் வீட்டுப் பெண் புடவையைத் திருப்பி, உடலும் கரையும் சேருகிற கோர்வையைப் பார்ப்பாள். ஜரிகை இழையைச் சுரண்டிப் பார்ப்பாள். தங்க முலாமுக்குக் கீழே வெள்ளியும், வெள்ளிக்குள்ளே சிவப்புப் பட்டு நூலும் தெரிந்தால்தான் நல்ல ஜரிகை.

பக்கிளுக்கும் அதே சாஸ்திரந்தான். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கலாம், யார் கண்டது?

அச்சில் வைத்து அடித்த பக்கிளில் எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த போலியில் அந்தக் கூர்மை மழுங்கிவிடும். மேலே சின்னச் சின்னப் பொத்தல்கள் தெரியும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அளவும் ஒரு நூல் குறைந்துவிடும். அடுத்தபடி தேய்மானம். பல வருஷம் இடுப்பில் இருந்ததென்றால், மேடான இடமும் கொக்கி மாட்டுகிற இடமும்தான் தேய்ந்திருக்க வேண்டும். குழிக்குள்ளேயும் தேய்ந்திருந்தால் யாரோ வேண்டுமென்று தேய்த்தது. திராவகம் ஊற்றி உண்டாக்கின பச்சைக் களிம்பு விரலோடு வந்துவிடும். காலத்தினால் படிந்த கறுப்பு அப்படி வராது.

"உங்க பக்கிள் போலி இல்லேம்மா. அச்சில் அடிச்சது, உழைச்சுத் தேய்ஞ்சது" என்றார். என் நெஞ்சு குளிர்ந்தது.

"ஆனால் திப்பு காலத்தது இல்லே."

கிரீடத்தின் கீழே 'ஜி', 'ஆர்' என்று இரண்டு எழுத்துக்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஜார்ஜ் ராஜா என்று அர்த்தம். 1780-ல் இருந்தவரும் மூன்றாம் ஜார்ஜ்தானே? அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெரியவர் பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு எழுத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு 'ஐ' பின்னிக் கிடந்தது. அத்தனை வருஷம் அழுக்குக்குள் ஒளிந்திருந்ததை என் புளிதான் வெளியே கொண்டுவந்திருக்கிறது!

'ஐ' என்றால் சக்கரவர்த்தி. விக்டோரியா ராணிக்கு அந்தப் பட்டம் வந்ததே 1876-ல் செய்த சட்டத்தினால்தான். 1780-ல் ஏது சக்கரவர்த்தி? விக்டோரியாவுக்கு 'வி', எட்வர்டுக்கு 'ஈ', 1910-க்குப் பிறகு இரண்டு ஜார்ஜுகளுக்கும் 'ஜி'. ஆறாம் ஜார்ஜ் 1948-ல் சக்கரவர்த்திப் பட்டத்தை விட்டார். 1950-ல் நம் அசோகச் சிங்கங்கள் வந்துவிட்டன. ஆக, இது 1910-க்கும் 1948-க்கும் இடைப்பட்டது.

"அவர் கேட்கிற காகிதத்திலே மட்டும் கையெழுத்துப் போடாதீங்க" என்றார் பெரியவர். அமெரிக்காவில் ஒரு சமயம் பழைய பக்கிள்கள் என்று ஏராளமான போலிகள் விலைபோனதாம். நியூயார்க் நகரத்துப் பிரபல நகைக்கடையான டிஃபனியின் பெயரைக்கூடப் பொறித்திருந்தார்களாம். சந்தேகப்பட்டவர்களுக்குக் காட்ட 1950-ல் அச்சானதாகத் தேதி போட்ட ஒரு புத்தகமும் இருந்தது. ஆராய்ந்து பார்த்தால் புத்தகமே போலி! "பித்தளை பொய் சொல்லாதும்மா. காகிதந்தான் பொய் சொல்லும்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "1878-ஆம் வருஷத்துச் சட்டப்படி, மண்ணிலே புதைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமென்றால் கலெக்டருக்குச் சொல்லணும். அந்தக் காகிதம், சர்க்காருக்குச் சொல்லாமல் ஒளிச்சோம்னு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி" என்றார்.

விலையைக் கேட்டேன். இந்தக் காலத்துப் பக்கிள்கள் நிறையக் கிடைப்பதால் பெரிய தொகை வராதாம். போதாக்குறைக்கு என் புளி வேறு. "யார் போட்டுக்கிட்டாங்கன்னு காட்ட ஏதாவது ஆதாரம் இருந்தால் மதிப்பு கொஞ்சம் கூடும்" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அத்தையிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால்தான் என்ன? அவர் நம்புவதைத்தானே எழுதிக் கொடுக்கப்போகிறார், அதில் அவருக்கு என்ன பாவம்? ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டதே! அரைச் சரிகைப் புடவையை அசல் என்று விற்கிறவரை இத்தனை நாள் வாய் ஓயாமல் ஏசியவள் நான்.

வீட்டுக்கு வந்ததும் மறுபடி டிரங்குப் பெட்டியைத் துழாவினேன். அடியில் விரித்திருந்த துணிக்குக் கீழே மடித்த ஒரு ஆங்கிலக் காகிதம் இருந்தது. என் பெண் வாசித்தாள். அத்தையின் தகப்பனார் பெயர். மெட்ராஸ் ஸாப்பர்ஸ் படை. சேர்ந்தது 1942, விடுவித்தது 1946.

அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் அவர் பேசவில்லை.

"அப்போ இது வெள்ளைக்காரனோடது இல்லையா?"

"இல்லை, அத்தை."

"எங்கப்பா போட்டுக்கிட்டதா?"

"அப்படித்தான் தெரியுது, அத்தை."

பக்கிளை வாங்கி, தேய்ந்திருந்த கொக்கியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். "ராத்திரியிலே திடுக்குனு எழுந்து உட்காருவார். என்னப்பான்னு கேட்டால் திப்பு கதை சொல்லுவார். அவர் பார்த்த சண்டையைச் சொல்ல முடியாமல்தான் அந்தச் சண்டையைச் சொன்னாரோ என்னவோ" என்றார்.

மறுநாள் பழைய சாமான்காரர் வந்தபோது, "விற்கிறதுக்கில்லைப்பா" என்று அத்தையே பதில் சொல்லி அனுப்பிவிட்டார். கல்லூரிச் சம்பளத்துக்கு என் வளையல் இரண்டு அடகுக் கடைக்குப் போயிருக்கிறது. திரும்பி வந்துவிடும்.

உங்கள் வீட்டிலும் கறுத்துப்போன பக்கிள் அகப்பட்டால் முதலில் திருப்பிப் பாருங்கள். பெட்டியின் அடியில் காகிதம் இருக்கிறதா என்று தேடுங்கள். புளிப் பானையை மட்டும் தயவுசெய்து எடுத்து ஒளித்து வையுங்கள்!