கடுக்காய்ப் போர்வை

கல்வராயன் மலையிலிருந்து வந்து கள்ளக்குறிச்சியில் தங்கிப் படிக்கும் மாணவன் ஒருவன், சென்ற மாதம் ஒரு பை நிறையக் கடுக்காயை நம் மேஜைமீது வைத்தான். "ஐயா, அம்மா பொறுக்கியது" என்றான். மாணாக்கரிடம் எதுவும் வாங்குவது நம் வழக்கமன்று. ஆயினும் கடுக்காயை மறுக்க மனம் வரவில்லை. நாற்பதைத் தாண்டிய நேயர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அன்று வகுப்பில் திராவகப் பாடம். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நீர்த்த உப்புத் திராவகம் ஊற்றி, ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் அதே அளவு கடுக்காய்க் கஷாயமும் சேர்த்தோம். தேய்த்துத் துலக்கி நிறுத்த இரண்டு ஆணிகளை ஆளுக்கொன்றாகப் போட்டோம். முதற் குவளையில் சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் குமிழிகள் கிளம்பின. அது ஹைட்ரஜன் வாயு. இரும்பு கரைகிறது என்பதற்குச் சாட்சி. கஷாயக் குவளையிலோ குமிழிகள் சோம்பல் முறித்துக்கொண்டு ஒவ்வொன்றாய் எழுந்தன. மறுநாள் தராசும் அதையே சொல்லிற்று. (வீட்டில் குழந்தைகள் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.)

கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின் முதலிய பொருள்கள் எஃகின்மீது படிந்து மெல்லிய போர்வையாகின்றன. கடுக்காய்க்கும் இரும்புக்கும் உறவு பழையது; அன்னபேதியோடு கடுக்காயைச் சேர்த்துத்தான் நம் பாட்டனார் மை காய்ச்சினார்கள். "எல்லாம் முன்னோர் அறிந்ததே!" என்று முழங்க நாவு துடித்தது. அடக்கிக்கொண்டோம். அவர்கள் அறிந்தது மை. திராவகத்திலிருந்து எஃகைக் காக்க வெல்லப்பாகுக் கழிவையும் தாவர எண்ணெயையும் சேர்க்கலாமென்று 1895-இல் காப்புரிமை பெற்றவர் பால்ட்வின் என்பவர். கழிவுப்பாகு! கரும்புச் சீமையில் வாழும் நமக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது. பிற்காலத்தில் நம் நாட்டு ஆராய்ச்சியாளர் கறிவேப்பிலையையும் வேம்பையும் சோதித்து நற்பலன் கண்டிருக்கின்றனர் என்பது ஆறுதல்.

சர்க்கரை ஆலைகளில் சாறு காய்ச்சும் குழாய்களுக்குள் உப்புப் படிவு கல்லாய் இறுகும். அதைத் திராவகத்தால் கழுவுவதும் உண்டு. காப்புப் பொருள் சேர்க்காவிடில் படிவோடு குழாயும் தேயும். செயற்கைக் காப்புப் பொருள்களுள் சில நஞ்சு. கழுவிய நீர் எங்கேனும் ஓடித்தானே தீரவேண்டும்? மலையில் கடுக்காய், அடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் சர்க்கரை ஆலை. நம் கற்பனை எங்கெங்கோ ஓடிற்று.

அதற்குள் மிச்சக் கஷாயத்தில் பூஞ்சணம் பூத்துவிட்டது. அன்றியும், திராவகம் சூடேறினால் இத்தகைய போர்வைகள் பல நழுவிவிடும்; காய்க்குக் காய் சத்தும் வேறுபடும். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி 1953-இல் திறக்கப்பெற்ற காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் இதையெல்லாம் அளக்கும் கருவிகள் உண்டு. நம்மிடம் ஒரு தராசுதான்.

"அப்படியானால் கடுக்காய் விலை ஏறுமா, ஐயா?" என்று கேட்டான் அந்தப் பையன். அவன் தாய் ஒரு பகல் முழுதும் சரிவில் அலைந்து பொறுக்கிய பை அது.

தெரியாது என்றோம். இன்னொரு பை கொண்டுவரச் சொல்லி, இம்முறை பணத்தை முன்னதாகவே கொடுத்தனுப்பினோம். சூடான திராவகத்திலும் போட்டுப் பார்க்க வேண்டும்.