திரூர் நெல்: எடையும் ருசியும்



ஆவடியிலிருந்து திருவள்ளூர் ரயிலில் போனால் செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன் வரும். அந்தப் பக்கம்தான் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம். டிகேஎம் என்று தொடங்கும் நெல் ரகங்கள் அங்கே பிறந்தவை. திரூர்க்குப்பம் என்பதன் சுருக்கம்தான் அந்த மூன்று எழுத்து.

1952-இல் அங்கிருந்து டிகேஎம் 6 வந்தது. சன்ன அரிசி, தண்டு துளைப்பானையும் ஓரளவு தாங்கும். 1966-இல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐஆர் 8 வெளியிட்டது. மகசூல் அள்ளிக் கொடுத்தது. ஆனால் அரிசி மோட்டா, சோறு ஆறினால் விறைக்கும், பூச்சியும் நோயும் அதிகம். பிறகு நம் டிகேஎம் 6-ஐயும் பெற்றோராக வைத்து ஐஆர் 20 உருவாக்கினார்கள். 1969-இல் வந்தது. உங்கள் அம்மாக்கள் கடையில் 'ஐயார் இருபது' என்று கேட்டு வாங்கியது அதுதான்.

இப்போது எதற்கு இந்தக் கதை? திருநின்றவூர் பக்கம் நெல் வைக்கும் மாணவர் ஒருவர், "டீச்சர், டிகேஎம் 9 போடவா, 13 போடவா? எதுல மூட்டை அதிகம்?" என்று கேட்டார். உங்களில் நிலம் வைத்திருக்கும் எல்லோருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

9 என்பது சுமார் 105 நாள் பயிர், குண்டான சிவப்பு அரிசி. 13 என்பது சுமார் 130 நாள், சன்னமான வெள்ளை அரிசி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையையும் எட்டாம் வகுப்புப் பிள்ளையையும் ஒரே கேள்வித்தாளில் சோதிக்கலாமா? முதலில் பருவத்தையும் கிணற்றுத் தண்ணீரையும் பாருங்கள்.

அடுத்து கணக்கு. 2024-25-இல் மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்குப் பொது ரகத்துக்கு 2300 ரூபாயாகவும், சன்ன ரகத்துக்கு 2320 ஆகவும் இருந்தது. வித்தியாசம் 20 ரூபாய்தான். அந்த விலையில் 25 குவிண்டால் குண்டு நெல் என்றால் 57,500. ஒரு குவிண்டால் குறைந்து 24 குவிண்டால் சன்னம் என்றால் 55,680. வெளி வியாபாரி குவிண்டாலுக்கு 2396 கொடுத்தால்தான் சன்னம் ஈடுகட்டும். விதை வாங்கும் முன்பே அந்த விலையை விசாரியுங்கள்.

ஒரே பருவத்துக்கு இரண்டு ரகம் கிடைத்தால், ஒரே கழனியில் பத்துப் பத்து சென்ட் போடுங்கள். ஒரே நாளில் நடவு, ஒரே அளவு உரம். அறுத்ததும் இரண்டையும் எடை போடுங்கள். பிறகு இரண்டையும் பொங்கி, ஆறிய சோற்றைச் சாப்பிட்டுப் பாருங்கள். எடையைத் தராசு சொல்லும். மற்றதை வீட்டுப் பெண்கள் சொல்வார்கள்.

வாழ்க வளமுடன்.
உங்கள் டீச்சர்