ஏ ஷிப்ட் முடிந்து சி ஷிப்ட் தொடங்கும் வரை

செப்டம்பர் 15, 2024, ஞாயிறு

புதுச்சேரி என்று முடிவாகிவிட்டது. மாமல்லபுரம் என்றால் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் காலையில் போய் இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடலாம். அதனாலேயே வேண்டாம் என்றார் என் அறைத்தோழி செய்யாறு அக்கா. அவருக்குக் கடல் பக்கத்தில் ஓர் இரவு தங்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு ஹாஸ்டல், அப்புறம் மாமியார் வீடு, இப்போது ஒரகடத்தில் இந்த வாடகை அறை. தானாக ஆசைப்பட்டு ஓர் ஊரில் தங்கியதே இல்லை என்றார். எனக்கும் அப்படித்தான்.

வல்லம் வடகாலில் போன மாதம் முதலமைச்சர் திறந்துவைத்த விடுதியில் 18,720 பேர் தங்கலாம். திருவண்ணாமலை, தென்காசி, ஒடிசா, ஜார்க்கண்ட் என்று எங்கெங்கிருந்தோ பெண்கள் வேலைக்காக வந்து இந்தப் பக்கம் தங்கியிருக்கிறோம். வேலைக்காக ஊர்விட்டு ஊர் வந்து படுப்பதை வீட்டில் பெருமையாகச் சொல்கிறார்கள். அதே பெண் இரண்டு நாள் சும்மா எங்காவது போய் இருந்துவிட்டு வருகிறேன் என்றால் வீடே கலங்குகிறது. இதை அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்பதுதான் முதல் கவலை. பணம் இரண்டாவது.

செப்டம்பர் 22, ஞாயிறு

நாள் குறிப்பதற்கு மதியம் முழுக்கக் காலண்டரோடு உட்கார்ந்தோம். எங்கள் கம்பெனியில் ஷிப்ட் ஏ, சி, பி என்ற வரிசையில் சுழலும். சி முடிந்து பி வரும்போது ஞாயிறு காலை ஆறு மணிக்கு வெளியே வந்து திங்கள் மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போக வேண்டும். அதில் பாதி தூக்கத்தில் போய்விடும். பி முடிந்து ஏ வரும்போது சனி இரவு பத்து மணிக்கு விட்டு, திங்கள் காலை ஆறு மணிக்கே வந்து நிற்க வேண்டும். ஆனால் ஏ முடிந்து சி வரும் வாரம் இருக்கிறதே, சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு விட்டால் திங்கள் இரவு பத்து வரை யாரும் கேட்க முடியாது. 56 மணி நேரம். ஒரு நாள்கூட லீவு போட வேண்டாம், சூப்பர்வைசர் முன்னால் போய் நிற்கவும் வேண்டாம்.

அக்டோபர் 12, சனிக்கிழமை அப்படி வருகிறது. முந்தின நாள் ஆயுத பூஜை. சென்னையே அந்த மூன்று நாளும் புதுச்சேரியில்தான் இருக்கும், சனிக்கிழமை ரூம் வாடகை ஏறிக் கிடக்கும். அதனால் சனி மதியம் ஷிப்ட் முடிந்ததும் அறைக்கு வந்து நன்றாகத் தூங்குவது, ஞாயிறு விடியலில் கிளம்புவது, கூட்டம் ஊர் திரும்பும் ஞாயிறு இரவில் நாங்கள் தங்குவது என்று வைத்துக்கொண்டோம். எழும்பூரிலிருந்து காலையில் வரும் புதுச்சேரி பயணிகள் ரயில் செங்கல்பட்டில் நிற்கும். சிங்கப்பெருமாள் கோவில் போய் லோக்கல் ரயிலில் ஏறினால் அதைப் பிடித்துவிடலாம். விழுப்புரம் சுற்றித்தான் போகும். கிளாம்பாக்கத்திலேயே நிரம்பி வரும் பஸ்ஸில் நின்றுகொண்டு போவதற்கு அது எவ்வளவோ மேல்.

செப்டம்பர் 29, ஞாயிறு

எங்கே தங்கலாம் என்று கேட்கச் சின்னத் தாத்தாவுக்குப் போன் செய்தேன். அம்மாவின் சித்தப்பா; முதலியார்பேட்டை ரோடியர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆசிரமத்து விருந்தினர் இல்லங்களைச் சொன்னார். குடி, புகை கூடாது, இரவு கதவடைக்க நேரம் உண்டு, பெண்கள் பயமில்லாமல் தங்கலாம் என்றார். இது அம்மாவிடம் சொல்ல நல்ல சேதி.

பிறகு பேச்சு மில்லுக்குப் போனது. 1898-இல் தொடங்கிய மில் அது. ஒரு காலத்தில் அதன் சங்குச் சத்தத்தை வைத்துத்தான் சுற்றுவட்டாரத்தில் உலை வைப்பார்களாம். 2020-இல் மூடிவிட்டார்கள். "மூணு ஷிப்ட்டுன்னு நீ சொல்றியே, அந்த எட்டு மணி நேரம் எங்க ஊர்ல ரத்தம் சிந்தி வாங்கினதும்மா" என்றார். அவர் பிறப்பதற்கு முன்பு நடந்தது. மில்லுக்குள் மூத்தவர்கள் சொல்லிக் கேட்டது. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களைப் பிரெஞ்சு அரசின் போலீஸ் சுட்டது. 12 பேர் இறந்தார்கள். சங்கம் வைக்கும் உரிமை, எட்டு மணி நேர வேலை, இவைதான் அவர்கள் கேட்டது. முன்னால் நின்று நடத்தியவர் வ.சுப்பையா. அடுத்த ஆண்டே பிரெஞ்சு இந்தியாவுக்கு எட்டு மணி நேரச் சட்டம் வந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம், பிரிட்டிஷ் ஆட்சியில், 1934-ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்குப் பத்து மணி நேரம் வேலை வாங்க அனுமதித்துக்கொண்டிருந்தது.

இதைக் கேட்டபோது போன வருஷம் ஏப்ரலில் நாங்கள் பட்ட பயம் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் தரும் திருத்தம் ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்ததால் மே 1 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அந்தத் திருத்தம் நிலைத்திருந்தால் போன வாரம் நான் காலண்டரில் எண்ணிய 56 மணி நேரம் என்ன ஆகியிருக்கும்? இப்போதும் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டுச் செப்டம்பர் 9-இலிருந்து வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். எண்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகும் கேட்பது அதே சங்கத்தைத்தான்.

கடலூர் சாலையில் இறங்கி தாத்தாவின் ரோடியர் மில் வாசலைப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கப் போகும் என் இரண்டு நாளில் அந்த ஊர்க்காரர்களின் பங்கு இருக்கிறது. பூட்டிய கேட்டில் என்ன பார்க்கப்போகிறாய் என்று அக்கா கேட்கவில்லை. "எழுது" என்றார்.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜயந்தி விடுமுறை. பக்கத்து அறை ஒடிசாப் பெண்ணையும் கூப்பிட்டோம். வேறு கம்பெனி, திங்கள் ஒரு நாள் லீவு எடுத்தால் போதும். வரவில்லை என்றாள். அவள் ஊர் கேந்திரபாடா மாவட்டம். அங்கே சதபாயா என்ற கிராமங்களைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. மிச்சமிருந்தவர்களை அரசு உள்ளே தள்ளி பாகபதியாவில் குடியேற்றியது. அவள் மாமா குடும்பமும் அதில் உண்டு. "கடல் நிறைய பார்த்தாச்சு அக்கா" என்று தமிழில் சொன்னாள். நாங்கள் வற்புறுத்தவில்லை. ஞாயிறு காந்தி வீதியில் துணிச் சந்தை போடுவார்கள் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

அக்டோபர் 7, திங்கள்

நேற்று மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கப் போன கூட்டத்தில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். வெயில், நெரிசல், தண்ணீர் கிடைக்காத தவிப்பு. ராத்திரியே அம்மா போன் செய்துவிட்டாள். "ஏண்டி, கடல் கடல்னு சொன்னியே, இதுதானா?" அவள் பயம் நியாயமானது. இறந்தவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குடும்பத்தோடு கழிக்க வந்தவர்கள்தானே. நாங்கள் கூட்டம் கலைந்த பிறகுதான் போகிறோம், சின்னத் தாத்தா ஸ்டேஷனுக்கு வருகிறார், ஆசிரமத்து இல்லத்தில் ரூம் சொல்லியாகிவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில், "தாத்தாவுக்கு வேட்டி ஒண்ணு வாங்கிட்டுப் போ" என்றாள். சரி என்று சொல்வதற்கு எங்கள் வீட்டில் அதுதான் வழி.

அக்டோபர் 11, வெள்ளி

கம்பெனியில் நேற்றே பூஜை முடிந்தது. மெஷினைத் துடைத்துப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலையும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்தார்கள். நாளை ஒரு ஷிப்ட் மட்டும்.

திட்டத்தை இன்று மறுபடி எழுதினேன். திங்களன்று அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும் என்பதால் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் இல்லம் ஞாயிறு மதியமே. 1908-இல் வந்தவர் பத்து வருஷம் அந்த ஊரில் இருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் கடற்கரைச் சாலையில் வண்டிகள் ஓடாது, நடக்கலாம். விடியலைக் கடலில் பார்ப்பது திங்கள். மில் வாசல் அதற்குப் பிறகு, தாத்தாவோடு. மதியத்துக்குள் பஸ் ஏறி, வந்து தூங்கி, பத்து மணிக்கு சி ஷிப்ட்.

கடற்கரையைப் பற்றிப் படித்ததை அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு கட்டிய பிறகு மணல் போய், கருங்கல்லைக் கொட்டித்தான் ஊரைக் காத்தார்களாம். பிறகு 2018-இல் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தார் தண்ணீருக்குள் ஒரு செயற்கைத் திட்டு அமைத்ததில், தலைமைச் செயலகத்துக்கு எதிரே மறுபடி மணல் சேர்ந்திருக்கிறது. வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒடிசாப் பெண் உள்ளே வந்தாள். "போன மணல் திரும்ப வந்துச்சா?" என்று இரண்டு முறை கேட்டாள். திங்கள் லீவு கேட்டு மெசேஜ் போட்டுவிட்டு, முதலில் அந்த இடத்துக்குத்தான் போக வேண்டும் என்றாள். ஞாயிறு வரிசையில் சந்தையைக் கீழே இறக்கி, ரயிலிலிருந்து நேரே கடற்கரை என்று மாற்றி எழுதிவிட்டேன்.