அம்பு எட்டும் தூரம்

விழுப்புரம் என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் படிக்கும் வெளியூர் அன்பர்கள், அதை 'வில்லுபுரம்' என்று உச்சரித்துவிட்டு, இங்கே வீட்டுக்கு வீடு வில் தொங்கும் என்று எண்ணிக்கொள்வது உண்டு. நம் ஊரில் வீட்டுக்கு வீடு தொங்குவது கொடியில் ஈரத் துணிதான். ஆயினும் வில்லுக்கும் இந்தச் சீமைக்கும் சம்பந்தமே இல்லையென்று சொல்லிவிட முடியாது. கொல்லிமலைத் தலைவனான வல்வில் ஓரியைப் போரில் கொன்றவன், திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி. அந்தத் திருக்கோவிலூர் 2019-ஆம் வருஷம் வரையில் விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்ததாகவே இருந்தது.

ஓரியின் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஊடுருவிச் சென்றதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். இதைச் சொன்னால் நம் மாணாக்கர்கள் வாயைப் பிளப்பார்கள். அவன் எத்தனை கஜ தூரத்திலிருந்து எய்தான் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. ஐந்து பிராணிகளைத் துளைக்கும் வேகம் அம்பில் மிஞ்சியிருக்க வேண்டுமானால், அவன் வெகு கிட்டத்தில்தான் நின்றிருக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். பௌதிகம் போதிக்கிறவனுக்குக் கவிதையிலும் கணக்குத்தானே தோன்றும்!

நாம் விழுப்புரத்தில் வாசம் செய்து, தினந்தோறும் ரயிலேறித் திண்டிவனத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய் வருகிறோம். அங்கே சில பிள்ளைகளுக்கு மூங்கில் வில்லில் பழக்கம் நடக்கிறது. மைதானத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு நம்முடையது. மற்றபடி வேட்டையில் நமக்கு ருசி இல்லை. இந்நாட்டில் அதற்கு இடமும் இல்லை. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்துவிட்டது. மரக்காணம் பக்கத்துக் கழுவெளியும் 2021-இல் பறவைகள் சரணாலயமாகிவிட்டது.

அப்படியிருக்க, வேட்டை வில்லின் கணக்கு நம் மேஜைக்கு வந்தது அமெரிக்காவிலிருந்து. நம் சகோதரியின் புதல்வன் பென்ஸில்வேனியா ராஜ்யத்தில் உத்தியோகம் பார்க்கிறான். அங்கே இலையுதிர் காலத்தில் லைசென்ஸ் பெற்று வில்லால் மான் வேட்டையாடச் சட்டம் அனுமதிக்கிறது. சிநேகிதர்களோடு சேர்ந்து அவனும் ஒரு கப்பி வில் வாங்கினான். தோட்டத்தில் 60 கஜ தூரத்தில் இலக்கு வைத்து ஒரு வருஷம் பழகினான். பிறகு ஒரு மாலையில் 50 கஜத்தில் நின்ற மான்மீது எய்தான். அம்பு பட்டது, ஆனால் பட வேண்டிய இடத்தில் படவில்லை. இரவு முழுவதும் விளக்கை ஏந்தி ரத்தத் துளிகளைத் தேடி நடந்திருக்கிறான். மான் அகப்படவில்லை.

"மாமா, அறுபது கஜத்தில் ஆறு அம்புக்கு ஐந்து சரியாக விழுகிறதே, இது ஏன் தவறியது?" என்று தொலைபேசியில் கேட்டான். குரல் சரியாக இல்லை.

"அடே, வைக்கோலுக்குக் காது கிடையாது" என்றோம்.

அவன் வில்லிலிருந்து அம்பு வினாடிக்குச் சுமார் 85 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. 50 கஜம் கடக்க அரை வினாடிக்குச் சற்று மேல் ஆகும். நாணின் ஓசையோ வினாடியில் ஏழில் ஒரு பங்குக்குள் மானின் காதை எட்டிவிடும். திடுக்கிட்ட மான் பாய்வதற்கு முன் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். மிஞ்சிய அவகாசத்தில் அது ஒரு ஜாணுக்கு மேல் தாழ்ந்துவிடக்கூடும். உயிர்நிலையின் அகலமே ஒரு ஜாண்தான். 20 கஜத்தில் எய்தால், ஓசைக்கும் அம்புக்கும் இடையே உள்ள நேரம் வினாடியில் ஆறில் ஒரு பங்குதான். மான் விழித்துக்கொள்ளுமுன் காரியம் முடிந்துவிடும்.

இன்னொன்று, தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது. பத்தில் ஒரு பங்கு பிசகினால், அதாவது 22 கஜத்தை 20 என்று நினைத்தால், அம்பு இரண்டரை சென்டிமீட்டர் தாழ விழும். அதே விகிதத்தில் 55-ஐ 50 என்று நினைத்தால் பதினைந்து சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். தூரம் இரண்டரை மடங்காகப் பிழை ஆறு மடங்காகிறது!

அப்படியானால் 60 கஜத்தில் பழகியது வீணா? இல்லவே இல்லை. தூரத்து இலக்கு கண்டிப்பான வாத்தியார். கிட்டத்தில் ஒளிந்துகொள்ளும் கைநடுக்கத்தை அது பெரிதாக்கிக் காட்டிவிடும். பழக்கம் அங்கே நடக்கட்டும். எய்வது கிட்டே நடக்கட்டும். கலிபோர்னியாவில் 1911-இல் வெளிப்பட்ட யாஹி குலத்தின் கடைசி மனிதர் இஷியைப் பற்றி, அவரிடம் வில் கற்ற டாக்டர் ஸாக்ஸ்டன் போப் எழுதியிருக்கிறார். பலகை இலக்கில் அவர் சாமானியந்தான். பிராணியை மெள்ள நெருங்குவதில்தான் அவருடைய வித்தை இருந்தது.

மருமகனுக்கு ஒரு பரீட்சை வைத்தோம். ஜாண் அகலத் தட்டு ஒன்று; நாளுக்கு ஒரே அம்பு; கை சூடேறுமுன் எய்ய வேண்டும்; இரண்டாவது அம்பு கூடாது. ஆறில் ஐந்து என்று பெருமைப்படுகிறவன் அந்த ஆறாவது அம்பை மறந்துவிடுகிறான். காட்டில் முதல் அம்பே அந்த ஆறாவதாக இருக்கலாம். 50 கஜத்தில் 30 நாளில் 19 அம்புதான் தட்டில் பட்டது. 40-இல் 24. 25 கஜத்தில் முப்பதும் பட்டன.

"அப்போது என் தூரம் இருபத்தைந்துதானா, மாமா?" என்றான். ஒரு வருஷத்து உழைப்புக்கு அவ்வளவுதானா என்ற ஏக்கம் அதில் இருந்தது. அசையாத தட்டுக்கு அது 25, காது உள்ள மானுக்கு 20 என்று வைத்துக்கொள்ளச் சொன்னோம்.

அதே பரீட்சையைத் திண்டிவனத்திலும் நடத்தி வருகிறோம். 30 மீட்டரில் யாரும் தோற்கடிக்க முடியாத ஒரு பையனுக்குக் காலையில் முதல் அம்பு மட்டும் இடப்பக்கம் ஒதுங்குகிறது. நோட்டுப் புத்தகத்தில் வரிசையாகப் பார்த்த பிறகுதான் அவனே நம்பினான். இப்போது மற்றவர்களுக்கு முன்பே வந்து நிற்கிறான்.

மருமகன் சென்ற பருவத்தில் மூன்று முறை காட்டுக்குப் போனான். 38 கஜத்தில் ஒரு கலைமான் வெகு நேரம் நின்றதாம். வில்லை வளைக்காமலே பார்த்துக்கொண்டிருந்தானாம். வெறுங்கையோடு வீடு திரும்பியதில் அவன் மனைவிக்குத்தான் பரம திருப்தி. அன்றைக்கு ஏற்கெனவே சாம்பார் வைத்துவிட்டிருந்தாளாம்.