இரைச்சல் மட்டும்

நேற்று ராத்திரி கோயம்புத்தூர்ப் பையன் ஒருத்தன் பாட்டு ஒன்றை மிக்ஸிங்குக்கு அனுப்பியிருந்தான். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அண்ணா, ரெண்டாவது சரணத்துக்கு மட்டும் கொஞ்சம் பழைய கேசட் ஃபீல் குடுத்துருங்க." கொடுத்தால் போச்சு. அதற்கென்றே ப்ளக்கின் இருக்கிறது. திறந்தால் திரையில் மரச்சட்டம் போட்ட டேப் மெஷின் படம், கீழே வரிசையாகக் குமிழ்கள். ஒன்று ஹிஸ், அதாவது நாடா இரைச்சல். வாவ், ஃப்ளட்டர் என்று இன்னும் இரண்டு. நாடா இழுபட்டுச் சுருதி தள்ளாடுமே, அதற்கு. வேண்டிய அளவு திருகிக்கொள்ளலாம். ஹிஸ்ஸைக் கொஞ்சம் ஏற்றினேன். அவ்வளவுதான், கஞ்சிக்கோட்டுக் கேசட் கடைக்குள் போய் நின்றுவிட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். மெயின் ரோட்டில் டீக்கடையை ஒட்டின தகரக் கூரை. ஆடிக் காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து அந்தத் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடிக்கும். உள்ளே நுழைந்தால் ஈயம் பற்றவைக்கிற ரோசின் புகை, ஹெட் துடைக்கிற ஸ்பிரிட், புதுக் கேசட்டின் மேல்தாளை உரித்ததும் வருமே ஒரு மணம், அது. பக்கத்துக் கடைப் பழம்பொரி வாசத்துக்குச் சுவரெல்லாம் தடையே இல்லை. நோட்டின் நடுத்தாளைக் கிழித்துப் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு போவோம். அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு. ஏழாவதும் வேணும் என்று நீ ஒவ்வொரு தடவையும் மல்லுக்கு நிற்பாய். "பாதியில அந்துபோயிரும் கண்ணு, அப்பறம் என்னைச் சொல்லாதே" என்பார் கடைக்கார அண்ணன்.

எம்.எஸ்.வி. பாட்டு பட்டியலில் இருந்தால் அண்ணனுக்கு ஒரு தனி நிமிர்வு வந்துவிடும். 1928இல் பிறந்தவர், நம்ம எலப்புள்ளிக்காரர். இங்கிருந்து கூப்பிடு தூரம் என்பதுபோலச் சொல்வார். அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக நின்று, இருக்கிற சில மைக்குகளில் ஒரே மூச்சில் பதிய வேண்டும். வயலின் தூக்கலாக இருந்தால் வயலின்காரரைத் தள்ளி நிற்கச் சொல்வார்களாம். மிக்ஸிங் எல்லாம் காலடிக் கணக்குதான். இன்றைக்கு என் திரையில் எண்பது தடம் ஓடுகிறது, ஒவ்வொன்றுக்கும் நாலு ப்ளக்கின். யாரையும் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணன் ஹெட் சரிசெய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்போமே, அதைச் சொல்லியாக வேண்டும். வீட்டு டூ-இன்-ஒன்னில் பாட்டு கம்பளி போர்த்தினது மாதிரி மங்கிக் கேட்கிறது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். பாதிக்குப் பாதி பிபிஎல்லாகத்தான் இருக்கும். 1963இல் பாலக்காட்டிலேயே தொடங்கின கம்பெனி, யாராவது ஒரு மாமா அங்கே வேலை பார்ப்பார். அண்ணன் முதலில் தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, ஹெட்டைத் துடைப்பார். பஞ்சு காப்பிப்பொடி நிறத்துக்கு மாறும். பிறகு கேசட்டை ஓடவிட்டு, கடிகாரக்காரர் திருப்புளியால் ஹெட்டின் பக்கத்துச் சின்ன ஸ்க்ரூவைத் தொடுவார். ஸ்ப்ரிங் வைத்த ஸ்க்ரூ அது. ஹெட் நாடாவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், மயிரிழை சாய்ந்தாலும் மேல்ஸ்தாயி செத்துவிடும். ஒரு கால் சுற்று திருப்புகிறார். கண் மூடியிருக்கிறது. ஜால்ரா எங்கிருந்தோ கிளம்பி வந்து முன்னால் உட்காருகிறது. "வந்துருச்சு" என்று அவர் சொல்வதற்குள் நாமே சொல்லிவிடுவோம்.

மோட்டாரின் முதுகிலும் ஒரு ஓட்டை உண்டு. பாட்டு கட்டை ஏறி ஓடினால் அதற்குள் திருப்புளியை விட்டு வேகத்தைக் குறைப்பார். நான் பின்னாளில் தொழிலுக்கு வந்தபோது சுருதி திருத்த ஆட்டோ-ட்யூன் வந்துவிட்டது. 1997இல் அதைச் செய்த ஆண்டி ஹில்டிபிராண்ட் அதற்கு முன் எண்ணெய்க் கம்பெனிகளுக்காகப் பூமிக்குள் அனுப்பின அதிர்வுகளை அலசிக்கொண்டிருந்தவர். பூமிக்கடியில் எண்ணெய் தேடின கணக்கை வைத்துப் பாடகரின் தொண்டையில் சுருதி தேடியிருக்கிறார். அண்ணனிடம் சொல்லியிருந்தால் ரெண்டு டீ செலவழித்துச் சிரித்திருப்பார்.

பக்கத்துத் தொழிற்சாலைகளில் மெஷின்கள் கிளம்பின நேரத்தில் கடை ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று ஒரு முனகல் வரும். "எர்த்து காஞ்சு கெடக்குது" என்று கடைக்குப் பின்னால் எர்த் குழியில் ஒரு குடம் உப்புத்தண்ணீர் ஊற்றச் சொல்வார். குடம் தூக்குவது நம் வேலை. கரண்டின் முனகல் 50 ஹெர்ட்ஸ். 100, 150 என்று அதன் குட்டிகளும் கூடவே வரும். இப்போது அத்தனையையும் ஒரே க்ளிக்கில் வெட்டிவிடுகிறேன். யாருக்கும் குடம் தூக்கின கை வலிப்பதில்லை.

இன்றைய வேலையில் ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. பதிகிற மெஷினில் முள் சிவப்புக்குப் போனால் அண்ணனுக்குக் கோபம் வரும். பாட்டு மூச்சுவிட இடம் வேணும் என்பார். லிமிட்டர் ப்ளக்கின்கள் வந்தபிறகு எல்லோரும் பாட்டைக் கூரைவரை அடைத்துவைத்தார்கள். ஸ்பாட்டிஃபை மாதிரி இடங்களோ சத்தமான பாட்டை மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். என்கிற ஒலியளவுக்குத் தாமே இறக்கிவிடுகின்றன. அடைத்த அடைப்பெல்லாம் வீண். ரஹ்மான் பாட்டுகளுக்கு ஒலி சேர்த்த எச். ஸ்ரீதரின் வேலையைக் கேட்டுப் பார், எவ்வளவு காலியிடம்! 2008 டிசம்பரில் அவர் போனார் என்ற செய்தி வந்த அன்று நான் மிக்ஸிங் எதுவும் செய்யவில்லை.

பையனுடைய பாட்டை அப்படியே நிறுத்திவிட்டு என்னுடைய ஒரு கேசட்டை எடுத்தேன். யூத் ஃபெஸ்டிவல் லைட் மியூசிக் போட்டிக்காக அண்ணன் கடையிலேயே உட்காரவைத்து, டூ-இன்-ஒன் மைக்கில் என்னைப் பாடவைத்துப் பதிந்தாரே, அது. வெளியே நின்று வேடிக்கை பார்த்தவன் நீதான். போன வருஷம் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சல் நீக்கும் ப்ளக்கின் போட்டுச் சுத்தமாக்கி வைத்திருந்தேன். துடைத்த தட்டு மாதிரி என் குரல் மட்டும். பன்னிரண்டு வயசு, மேல் ஷட்ஜத்தில் ஒரு கீறல்.

அந்த ப்ளக்கினில் இன்னொரு சின்னப் பொத்தான் உண்டு. நீக்கினதை மட்டும் கேட்கலாம். தவறிப்போய் எதையாவது எடுத்துவிட்டோமா என்று சரிபார்க்கத்தான் வைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷத் தொழிலில் எல்லோருடைய பாட்டுக்கும் அழுத்தியிருக்கிறேன், இதற்கு அழுத்தினதில்லை.

அழுத்தினேன். என் குரல் பின்னால் போயிற்று. ஃபேன் கரகரக்கிறது. தகரம் அடிக்கிறது. டீ ஆற்றுகிற சத்தம். வாளையார்ப் பக்கமிருந்து ஒரு கூட்ஸ் வண்டி வருகிறது, பெட்டி பெட்டியாக, முடிவதாகவே இல்லை. நாலுவழிச் சாலை வந்து, கடை இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. ரயில் இன்னும் அதே தடத்தில்தான் போகிறது. வண்டி தேய்ந்து மறைகிற நேரத்தில், மைக்குக்கு ரொம்பத் தள்ளி, ஒரு செருமல். அப்புறம், "நிறுத்தாத கண்ணு, பாடு."

ஹிஸ்ஸைக் குறைத்துப் பையனுக்கு ஃபைலை அனுப்பும்போது மணி மூன்று.