குமரப்பாவின் கணக்கில் ஒரு ஜீப்

சுதந்திரம், அறம் என்று எழுதியவர்களில் ஆடிட்டர் வேலை பார்த்தவர் ஜே.சி. குமரப்பா ஒருவராகத்தான் இருப்பார். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குப் படித்து, பம்பாயில் தொழில் நடத்தி, நியூயார்க்கில் பொருளாதாரம் படித்துவிட்டுக் காந்தியிடம் போய்ச் சேர்ந்தார். கடைசிக் காலத்தில் எங்கள் மதுரைச் சீமைக்காரராகவே ஆகி, டி. கல்லுப்பட்டியில் இருந்தார்.

மிருகம் இயற்கை சொன்னபடி வாழ்கிறது. செய்யலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்கிற உரிமை மனிதனுக்குத்தான் இருக்கிறது, அதனால் பொறுப்பும் அவன் தலையில்தான். குமரப்பா சிறையில் எழுதிய 'எக்கானமி ஆஃப் பெர்மனன்ஸ்' என்ற புத்தகம் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. இவ்வளவையும் மற்ற தத்துவக்காரர்களும் சொல்லியிருக்கிறார்கள். குமரப்பா அதை மளிகைக்கடைக்குக் கொண்டுபோனார். ஆப்பிரிக்கத் தோட்டத்தில் அடித்து வேலை வாங்கி விளைவித்த கோகோ என்றால், அதை வாங்கிக் குடிக்கிறவனுக்கும் அதில் பங்குண்டு என்பது அவர் கட்சி. தூரத்துச் சரக்கின் கதை நமக்குத் தெரியாது. ஆகவே கண்ணுக்கெட்டிய இடத்தில் செய்ததை வாங்கு என்றார்.

இந்தக் கடைசி வரியில்தான் எனக்கு அவரோடு தகராறு.

விடியுமுன், கேரள எல்லையை ஒட்டிய லோயர் கேம்ப்பில் டீக்கடைப் பக்கம் நின்று பாருங்கள். மின் நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்கள் இருட்டில் மங்கலாகத் தெரியும். கூடலூர்ப் பக்கமிருந்து ஜீப்கள் வந்து, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் குமுளி மலையேறும். உள்ளே நெருக்கியடித்துப் பெண்கள்: சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, மடியில் தூக்குச்சட்டி. ஏலச்செடியின் காய் மேலே காய்ப்பதில்லை. தூரில், தரையோடு படரும் சரத்தில் காய்க்கும். நாளெல்லாம் குனிந்தும் குந்தியும் எடுக்க வேண்டும், அதுவும் மருந்தடித்த செடியில்.

"எந்தப் பக்கம்க்கா?"

"சக்குபள்ளம் தம்பி."

"கூலி எப்பயிருந்து கணக்கு?"

"தோட்டத்துல இறங்குனப்புறம்தான். ஜீப்புல உக்காந்து வர்றதுக்கு எவன் குடுப்பான்?"

கண்ணுக்கெட்டிய தூரம் என்றால் இதைவிடப் பக்கம் ஏது? தினமும் நம் டீ கிளாஸை உரசிக்கொண்டு போகிறது. பார்த்துப் பார்த்தே பழகிவிட்டோம். பக்கத்தில் இருப்பதாலேயே பொறுப்பு வந்துவிடும் என்று குமரப்பா நம்பியது கொஞ்சம் அதிகம்தான்.

சரி, வாங்காமல் விட்டால்? 2011 டிசம்பரில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை கொதித்தபோது எல்லையில் வண்டிகள் நின்றன. தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்கள் பயந்து மலையிறங்கினார்கள். தண்ணீர் உரிமை என்று ஒரு பக்கமும் அணையின் பாதுகாப்பு என்று மறுபக்கமும் முழங்கின. அடுப்பு அணைந்தது இவர்கள் வீட்டில். வாங்க மறுப்பதும் இவர்கள் கூலியில்தான் கைவைக்கும்.

அதற்காகக் குமரப்பா கேட்ட கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அவருடைய பழைய தொழிலிலிருந்தே பதிலைத் தேட வேண்டும். அன்றைய ஏலக்காய் ரேட்டைக் கம்பம் பஸ்ஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஜீப்பில் போய்வரும் நேரம் அந்த ரேட்டில் எங்கும் இல்லை. அதையும் கூலியில் சேர்த்தால் கிலோவுக்கு எவ்வளவு ஏறும் என்று ஏலக்காய்ச் சந்தையான போடிநாயக்கனூரில் ஒரு ஆடிட்டர் உட்கார்ந்து கணக்குப் போடட்டும். ஏறுவதைத் தருகிறேன் என்று சொல்ல எனக்குப் பெரிய தியாக மனசு ஒன்றும் வேண்டாம்; என் வீட்டுக்கு மாசம் ஐம்பது கிராம் போதும்.